இடது பக்கத்துப் பிள்ளை

சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகின் நடுவில் அட்டையை வைத்து, இரண்டு கைகளையும் பின்னால் மடக்கி, ஓரங்களை உள்ளே தள்ளி, அடிப்பகுதியைத் தூக்கி மேலே கொண்டுவந்து, திருப்பிப் போட்டுக் காலருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைச் செருகினால் ஒரு சட்டை முடிந்தது. அவள் கைக்கு இது இருபத்திரண்டு விநாடி வேலை. பக்கத்து மேசைக்காரிக்கு நாற்பது ஆகும். அதனால்தான் அந்தத் தையல் ஆலையில் எல்லோரும் அவளை மின்னல் என்று கூப்பிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மின்னலுக்கு முப்பத்தைந்து வாரம் முடிந்திருந்தது. வயிற்றில் இரண்டு. மேசைக்கும் அவளுக்கும் நடுவில் அந்த இரண்டும் இடம்பிடித்துக்கொண்டதால் கையை முழுக்க நீட்டித்தான் சட்டையை எட்ட முடிந்தது. சூப்பர்வைசர் அவளுக்கென்று அகலமான நாற்காலி ஒன்றைக் கொடுத்து அரைநாள் வேலையாக்கியிருந்தார். “மின்னல் போய் மழைமேகம் ஆயிடுச்சு” என்று தினம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவார். அவளும் சளைக்காமல், “பெய்யற நேரத்துல பக்கத்துல நிக்காதீங்க சார்” என்பாள். வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு விடுப்பு.

எனக்கு அந்த ஆலையின் முதலுதவி அறையில் வேலை. ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் உதவி நர்ஸாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் அங்கே சேர்ந்தவள். ஊசி ஏறிய விரல், தலைசுற்றல், வயிற்றுவலி, இவ்வளவுதான் அங்கே வரும். கர்ப்பமாக இருப்பவர்களின் அட்டையை வாராவாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. அதில் நான் என்ன லட்சணத்தில் இருந்தேன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

மின்னலுக்கு முப்பத்தாறு வயது. பத்தொன்பது வயதில் பொட்டலம் கட்டும் மேசைக்கு வந்தவள், பதினேழு வருஷமாக அதே மேசை. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. அவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத உறவுக்காரர் கிடையாது. கூடவே மாமியார். பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகள் பெருக்கித் துடைத்து முட்டி தேய்ந்துபோனவர். கால்தான் தேய்ந்தது, வாய் தேயவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் மின்னலுக்கு ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிருந்தது. அது வயிற்றில் அசைவதை அவள் ஒன்பது நாள் உணர்ந்திருந்தாள். பத்தாம் நாள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நான்தான் பழைய அட்டையைப் புரட்டித் தெரிந்துகொண்டேன்.

இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, “ஒண்ணுக்கு வழியில்லாம இருந்த வீட்டுல ரெண்டா” என்று மாமியார் அழுதார். அழுதுவிட்டு, இரண்டு தொட்டிலுக்கு அந்த அறையில் இடம் இருக்கிறதா என்று முழத்தால் அளந்து பார்த்தார். இல்லை. தன் கட்டிலை வெளியே தூக்கிப் போடச் சொன்னார்.

இரண்டு பிள்ளைக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனிப் பை. இது நல்ல சேதி. டாக்டர், நாற்பது வயதைத் தாண்டிய, அதிகம் சிரிக்காத பெண்மணி, முதலிலேயே சொல்லிவிட்டார்: முதலில் வரவேண்டிய பிள்ளை தலை கீழே வைத்திருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தால், ஆபரேஷன் இல்லாமலே இரண்டையும் பெறலாம், ஆனால் ஆபரேஷன் அறை பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். மின்னல் அதைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்துநாலு படி. வயிற்றில் தையலோடு இரண்டு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளை எப்படி ஏறுவது, மாமியாரால் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கக்கூட முடியாதே என்பதுதான் அவள் கவலை. வீம்பு ஒன்றும் இல்லை.

அதற்காக அவள் எல்லாம் செய்தாள். இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கல்லாகப் போனபோதும் நிறுத்தவில்லை. காலையில் இரண்டு முட்டை, மாலையில் வேகவைத்த பயறு, படுக்குமுன் பால். வயிறு நெஞ்சை நெருக்கி ஒருவேளைச் சாப்பாடு உள்ளே போகாதபோது அதை மூன்றாகப் பிரித்துத் தின்றாள். இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுத்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன், ஒன்றையும் தவறவிடவில்லை. வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க என்னிடம் வருவாள். கைகளும் முகமும் வீங்குகிறதா, தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று நான் கேட்பதற்குள் மூன்றுக்கும் “இல்ல, இல்ல, இல்ல” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவாள்.

முப்பத்திரண்டாம் வாரம் முதல்பிள்ளை தலையைக் கீழே இறக்கி, வலப்பக்கமாக உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது இடப்பக்கம், மேலே, குறுக்காகக் கிடந்தது. இது இரண்டாவதாக வரப்போகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அசைவு எண்ணும் அட்டை ஒன்று கொடுத்தார்கள். வலது, இடது என்று இரண்டு கட்டம். தினமும் காலையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பக்கமும் பத்து அசைவு வர வேண்டும். குறைந்தால், பிறகு பார்ப்போம் என்று காத்திராமல் உடனே வர வேண்டும்.

மின்னல் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலைச் சட்டைக்கு இரண்டு பை. மடிக்கும்போதே, வலது பக்கம் உதைத்தால் ஒரு கிளிப்பை வலது பையில் போடுவாள், இடது பக்கம் அசைந்தால் இடது பையில். பதினோரு மணிக்கு இரண்டு பையையும் மேசைமேல் கவிழ்த்து எண்ணி அட்டையில் எழுதுவாள். கெட்டிக்காரத்தனமான வழி என்று நானே பாராட்டினேன். மூன்று வாரமும் அட்டையில் வலது பத்து, இடது பத்து. ஒரு நாள்கூட ஒன்பது இல்லை, பதினொன்று இல்லை. நான் மூன்று முறை கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை யாரோ ஒருத்திக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கண்ணாடித் தடுப்பு வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். மின்னல் கிளிப்புகளைக் கவிழ்த்திருந்தாள். வலது பக்கம் ஒரு குவியல். இடது பக்கம் நாலோ அஞ்சோ. அவள் வலது குவியலிலிருந்து சிலவற்றை விரல்நுனியால் தள்ளி இடது பக்கம் சேர்த்தாள். எண்ணிப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

நான் போய் அட்டையின் மேல் கையை வைத்தேன்.

“என்ன பண்றே?”

“நிரப்பறேன் நர்ஸம்மா.”

“எதை?”

“இந்தப் பக்கம் குறையுதுல்ல.”

அவள் குரலில் ஒளிவுமறைவே இல்லை.

அந்த ஆலையில் ஒரு பெட்டிக்கு இருபத்துநாலு சட்டை. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு அடுக்கு. ஒரு அடுக்கு தாழ்ந்திருந்தால் மூடி கோணும். அப்போது உயர்ந்த அடுக்கிலிருந்து எடுத்துத் தாழ்ந்ததில் வைத்துச் சமப்படுத்த வேண்டும். மொத்தம் சரியாக இருக்கிறதா, மூடி மட்டமாக உட்கார்ந்ததா, அவ்வளவுதான் மேலே பார்ப்பார்கள். பதினேழு வருஷமாக அவள் கை செய்துவந்த வேலை அது. அட்டையிலும் கை அதையே செய்திருக்கிறது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தொடக்கத்தில் ஒன்றிரண்டுதான் மாற்ற வேண்டியிருந்தது என்றாள். போன வாரம் மூன்று, நான்கு. நேற்று ஐந்து. இன்று மேசையில் கிடந்ததை எண்ணினோம். வலது பதினாறு. இடது, அவள் தள்ளியதைக் கழித்தால், நான்கு.

“மொத்தம் இருபது வருதே நர்ஸம்மா” என்றாள். சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. யாரும் விளக்கவில்லை. அவளே தன் காதால் அதைக் கேட்டாள்.

கை இரண்டையும் இடது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். அசை, அசை என்று அதனிடம் சொன்னாள். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வண்டி கேட்டேன். அந்த மனிதர் மேகம், மழை எதுவும் பேசாமல் தன் சொந்த வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

வண்டியில் போகும்போது அவள் ஒரு விஷயம் சொன்னாள். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“பழக்கம் மட்டும் இல்ல. ஆறுன்னு எழுதக் கை வரல. போன தடவ குறைஞ்சு குறைஞ்சுதான் நின்னுச்சு.”

மூன்று வாரம் பத்து பத்து என்று வந்த அட்டையை, உயிருள்ள பிள்ளைகள் அப்படி அளந்து உதைக்காது என்று தெரிந்த நான், மொத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைப் பிறகு டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பிரசவப் பிரிவில் இளவயது நர்ஸ் ஒருத்தி மின்னலை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வயிற்றில் பிள்ளைகளின் துடிப்பைக் கேட்கும் இரண்டு பட்டைகளைக் கட்டினாள். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். வலப்பக்கம் உடனே டக் டக் என்று கேட்டது. இடப்பக்கம் தேடினாள். தேடினாள். பிறகு அங்கேயும் கேட்டது. மின்னல் என் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள்.

“ரெண்டும் ஜோரா ஓடுது” என்றாள் நர்ஸ்.

இயந்திரத்தில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்திரண்டு. நூற்று நாற்பத்தெட்டு, நூற்று நாற்பத்தெட்டு. நூற்று முப்பத்தொன்பது, நூற்று முப்பத்தொன்பது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது, ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கியது. எந்த இரண்டு பிள்ளைகளும் இப்படிக் கைகோத்து நடக்காது. நர்ஸைத் தனியே கூப்பிட்டு எண்களைக் காட்டினேன். அவள் பார்த்தாள். முகம் வெளுத்து, டாக்டரைக் கூப்பிட ஓடினாள். இரண்டு பட்டையும் ஒரே பிள்ளையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

மின்னலுக்குப் புரிந்துவிட்டது. எண்கள் படிக்கத் தெரிந்தவள் அவள்.

டாக்டர் ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த நான்கு நிமிடத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவள் அழவில்லை, கத்தவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, தான் எடுத்து மாற்றிவைத்ததை எண்ணிக்கொண்டிருந்தாள். போன திங்கள் மூணு, செவ்வாய் மூணு, புதன் நாலு. வாய்விட்டு எண்ணினாள்.

திரையில் இடது பிள்ளை குறுக்காகக் கிடந்தது. டாக்டர் கருவியை ஓர் இடத்தில் நிறுத்தி, அசையாமல் பிடித்தார். ஒரு துளி விட்டுவிட்டுச் சுருங்கியது.

“இதயம் ஓடுது” என்றார். “நூத்தி இருபத்தஞ்சு. ஓடுது.”

அதற்குமேல் நல்ல சேதி இல்லை. இடது பிள்ளை சிறுத்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இப்போது வலதில் மூன்றில் இரண்டு பங்குதான். போன ஸ்கேனில் லேசாக வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அட்டையில் அசைவு பத்து பத்து என்று இருந்ததால் அடுத்த ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். டாக்டர் இதைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் அவளைக் கொன்றது.

“இப்பவே அறுத்து எடுத்துடுங்க” என்றாள் மின்னல். “எனக்கு நார்மல் வேணாம். படி ஏற முடியலேன்னா கீழயே கிடக்கறேன். ரெண்டையும் எடுத்துடுங்க.”

டாக்டர் அவசரப்படவில்லை. கொடி வழியாக ரத்தம் போகிறது, குறைவாகப் போகிறது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு நாள் படுக்கவைத்துப் பார்ப்போம் என்றார். எடுக்கவேண்டி வந்தால் எந்த வழி என்பதை அன்றைய நிலவரம் சொல்லும் என்றார்.

அவர் போனபிறகும் மின்னல் விடவில்லை. என்னிடம் கேட்டாள், நீங்க சொல்லுங்க நர்ஸம்மா, உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு, என்னை அறுக்கச் சொல்லுங்க என்று. நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமில்லை.

“வயித்தைக் கிழிச்சுக்கிட்டா செஞ்சது சரியாயிடுமா? உனக்குத் தண்டனை வேணும்னா அப்புறமா வாங்கிக்க. இப்ப அந்தப் பிள்ளைக்கு எது நல்லதோ அதை மட்டும் கேளு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று சாப்பாட்டுக்கும் அதைத் திறக்கவில்லை.

மாலையில் கணவர் வந்தார். கையிலிருந்த கிரீஸைக் கழுவாமலே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கட்டிலுக்கு அருகில் நின்று, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். அவள் காட்டினாள். அந்தப் பக்கம் கையை வைக்கப் போனவர் கிரீஸைப் பார்த்துவிட்டு முழங்கையை வைத்தார். அரைமணி அப்படியே நின்றார்.

மாமியார் மறுநாள்தான் வந்தார். ஐம்பத்துநாலு படி இறங்கி, பிறகு ஆஸ்பத்திரிப் படி ஏறி. நடந்ததைக் கேட்டதும் மருமகளிடம் திரும்பினார்.

“ஒருத்தி பங்கை எடுத்து இன்னொருத்திக்கு எழுதினியா? இது ரேஷன் கடையாடி?”

மின்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்து, முட்டையை உரித்து, நாலாகப் பிட்டு ஒரு துண்டை மருமகளின் வாய்க்கு நேரே நீட்டினார். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். “உனக்கு யாரு ஊட்டுறா. நான் என் பேத்திக்கு ஊட்டறேன். நடுவுல நீ வாயைத் தொற, போதும்” என்றார். அவள் வாயைத் திறந்தாள். பேத்தியா பேரனா என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றிச் சண்டைபோட அது சமயமில்லை.

புதன்கிழமை காலை இடது பிள்ளை ஏழு முறை அசைந்தது. மாலையில் மூன்று. வியாழக்கிழமை காலை ஸ்கேனில் அதைச் சுற்றியிருந்த நீர் குறைந்திருந்தது. இனி உள்ளே இருப்பதைவிட வெளியே வருவது நல்லது என்று டாக்டர் முடிவெடுத்தார். முதல்பிள்ளையின் தலை நன்றாக இறங்கியிருக்கிறது. கர்ப்பவாய் இளகி, இரண்டு விரல் திறந்திருக்கிறது. இடது பிள்ளையின் இதயம் இப்போதைக்குத் தாங்குகிறது. வலி வரவைத்துப் பார்க்கலாம். இடையில் இடதின் துடிப்பு இறங்கினால் அடுத்த நிமிடம் ஆபரேஷன். ஆபரேஷன் சின்னப் பிள்ளைக்குத் தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது, இதுவும் ஆகிவிடாது, நீங்கள் சொல்லுங்கள் என்று மின்னலைக் கேட்டார்.

அவள் கேட்டது ஒன்றுதான். “இடது பக்கத்தை யாராச்சும் தனியா பாத்துக்கிட்டே இருப்பாங்களா?”

இருப்பார்கள் என்றார் டாக்டர். அவள் சரி என்றாள்.

காலை எட்டரைக்கு மருந்து ஏற்றினார்கள். முதுகில் மரத்துப்போகவைக்கும் மருந்துக்கான குழாயைச் செருகினார்கள். இரண்டாவது பிள்ளையை உள்ளே கைவிட்டுத் திருப்பவேண்டி வந்தால் அது தேவைப்படும். இரண்டாவதின் துடிப்பு அந்தப் பட்டையில் நழுவிக்கொண்டே இருந்ததால், செவ்வாய்க்கிழமை தவறு செய்த அதே இளவயது நர்ஸ் பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்கு மாற்றிவிட வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினாள்.

உள்ளே ஒருவர் துணைக்கு இருக்கலாம். கணவர் ரத்தத்தைப் பார்த்தால் கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி இறங்கிவிடுவார் என்று அவரே ஒத்துக்கொண்டார். அதனால் நான் இருந்தேன். மின்னலின் நெற்றியைத் துடைப்பது, உதட்டைத் தண்ணீரால் நனைப்பது, அவள் திரும்பிப் படுக்கத் தோள் கொடுப்பது, இதற்கு மேல் என் வேலை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வலிக்கும் அவள் கேட்டது இதுதான்: எவ்வளவு? நர்ஸ் இடதின் எண்ணை மட்டும் சொல்வாள். நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபது. நூற்று ஐந்து. மறுபடி நூற்றுப் பதினாறு.

பன்னிரண்டரைக்கு அது தொண்ணூறுக்கு இறங்கியது. டாக்டர் மருந்தைக் குறைத்தார், அவளை மறுபக்கம் திருப்பினோம். ஏறியது. இரண்டு மணிக்கு மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. அந்த நேரத்தில் மின்னல் என் காதருகே, “அது போயிட்டா என்கிட்ட பொய் சொல்லாதீங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

மூன்றே முக்காலுக்கு முதல்பிள்ளை வந்தது. ஆண். இரண்டு கிலோ நானூறு. வெளியே வந்ததும் யார் என்னைத் தட்டி எழுப்பியது என்பது போல் கத்தினான். அவன் முகத்தை அவளுக்குக் காட்டினார்கள். அவள் பார்க்கவில்லை. கண் முழுக்க அந்த நர்ஸின் வாயில் இருந்தது.

டாக்டர் வயிற்றின் மேல் ஒரு கையை அழுத்தி வைத்து இன்னொரு கையால் ஸ்கேன் கருவியை ஓட்டினார். இடம் கிடைத்ததும் பிள்ளை இன்னும் குறுக்காகப் போய்ப் படுத்துக்கொண்டது. துடிப்பு நூறு. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தைந்து. ஆபரேஷன் அறையின் கதவைத் திறந்து வைத்தார்கள், மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டுக்கு வந்தார். எழுபது. இந்த முறை ஏறவில்லை.

“ஒரே ஒரு தடவை உள்ள கைவிட்டுக் காலைத் தேடறேன். வரலேன்னா அங்க தூக்கிட்டுப் போயிடுவோம்” என்றார் டாக்டர், எங்களைப் பார்க்காமல்.

அவர் கை முழங்கைக்கு அருகே வரை மறைந்தது. மின்னலுக்கு வலி இல்லை, ஆனால் உள்ளே ஒரு கை துழாவுவது தெரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். டாக்டர் ஒரு குதிகாலைப் பிடித்தார். பிறகு இன்னொன்றை. இழுத்துக்கொண்டே, இப்போது முக்கு என்றார். அவள் முக்கினாள். முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடக்கப் பார்த்த பெண்ணுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கால்கள், இடுப்பு, தோள், கடைசியில் தலை. நான்கு மணி இரண்டு நிமிடம். பெண். சாம்பல் நிறத்தில், துவண்டு, அவித்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. சத்தம் இல்லை. குழந்தை டாக்டர் வாங்கிக்கொண்டு மூலையிலிருந்த மேசைக்குப் போனார்.

மின்னலுக்கு ரத்தப்போக்கு அதிகமாக இருந்தது. இரட்டைப் பிள்ளை சுமந்த கர்ப்பப்பை களைத்துப்போய்ச் சுருங்க மறுக்கும். இதை எதிர்பார்த்துத்தான் ஊசிகளை முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். ஒருத்தி அடிவயிற்றைப் பிசைந்தாள், ஒருத்தி ஊசி போட்டாள். மின்னலுக்கு அது எதுவும் கவனத்தில் இல்லை. “எவ்வளவு? எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பட்டையைப் பிடித்திருந்த நர்ஸின் கையில் இப்போது பட்டை இல்லை. சொல்ல எண்ணும் இல்லை.

மூலையில் பை போன்ற ஒன்றைப் பிள்ளையின் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் அது அவர்கள் ஊதிய காற்று.

“சொல்லுங்க” என்றாள் மின்னல்.

“இன்னும் தெரியல” என்றேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பூனைக்குட்டி தும்மியது போல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு முனகல். குழந்தை டாக்டர் திரும்பாமலே, “தானா மூச்சு விடுறா. ஒண்ணு அறுநூத்தி அம்பது. எடுத்துட்டுப் போறேன்” என்றார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு விநாடி கட்டிலுக்கு அருகே நிறுத்தினார். மின்னல் ஒரு விரலை நீட்டினாள். பிள்ளையின் உள்ளங்காலில் பட்டது. அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

ரத்தப்போக்கு நின்றது. தையல் இரண்டுதான். மகனை நெஞ்சில் போட்டோம். அவன் தேடிப் பிடித்து உறிஞ்சத் தொடங்கினான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் பிள்ளைகள் பிரிவிலிருந்து வந்து சொன்னார்கள்: மூச்சுக்குக் கொஞ்சம் உதவி வேண்டியிருக்கிறது, சர்க்கரை இறங்கியிருந்தது, ஏற்றியிருக்கிறோம், முதல் இரண்டு மூன்று நாள் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டோம். அதைக் கேட்டு வெளியே வராந்தாவில் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். முழங்கை வரை. திரும்பத் திரும்பக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் போனபோது மின்னல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மகன் பக்கத்தில் தூங்கினான். பால் இன்னும் ஊறவில்லை. முதல்நாள் மஞ்சள் பால்தான் சொட்டும். பிள்ளைகள் பிரிவுக்காரர்கள் ஊசி இல்லாத சிறு பீச்சுக்குழல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மார்பைப் பின்னுக்கு அழுத்தி, விரல்களைச் சேர்த்து, விட்டு, மறுபடி அழுத்தினாள். முதல் கால்மணி ஒன்றும் வரவில்லை. அவள் நிறுத்தவில்லை. பிறகு ஒரு துளி. நான் பீச்சுக்குழலால் உறிஞ்சினேன். இன்னொரு துளி. இரண்டு பக்கமும் பிழிந்து முக்கால் மணி நேரத்தில் ஒன்றரை மில்லி சேர்ந்தது.

சக்கர நாற்காலி வேண்டாம் என்றாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்து நின்று, தலை சுற்றுகிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டு நடந்தாள். கணவர் ஒரு பக்கம் தாங்கினார். நீளமான வராந்தா, நடுவில் இரண்டு முறை நின்றாள். பிள்ளைகள் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நிறம் சிவந்திருந்தது. வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயின் வாயில் நர்ஸ் அந்த ஒன்றரை மில்லி இருந்த பீச்சுக்குழலைப் பொருத்தினாள். மின்னல் அதை உயர்த்திப் பிடித்து, கடைசிச் சொட்டும் இறங்கும்வரை அசையாமல் நின்றாள்.

அடுத்தது எப்போது கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள். மூன்று மணி நேரத்தில் என்றார்கள். திரும்பி நடந்தாள்.